காலி மண்டபம் கேட்டவன்

1

போன வாரம் என் மகள் கயல் நாலு பேர் பார்க்க என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். எழுதினால் இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

வியன்னாவில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி முடிந்ததே இல்லை. போட்டோ எடுக்கிறேன். என்ன போட்டோ? பெரிய பெரிய பொது மண்டபங்கள். பழைய நூலகம், நாடக அரங்கு, ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடம், அந்தக் காலத்து நீச்சல் குளம், இப்படி. ஒரே ஒரு நிபந்தனை, உள்ளே ஒரு மனிதர்கூட இருக்கக்கூடாது. ஆளில்லாத மண்டபத்தை எடுத்து, சுவர் அளவுக்குப் பெரிதாக அச்சிட்டு மாட்டுகிறார்கள். கலை என்கிறார்கள். அதைத் தங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

முதன்முதலில் நான் எடுத்த நாடக அரங்கின் படத்தை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அடுக்கடுக்காகச் சிவப்பு நாற்காலிகள், மேலே தங்க முலாம் பூசிய கூரை. கஸ்தூரி அக்கா உடனே போன் செய்தாள்.

"ஏன்டா சேகரு, ஒருத்தரும் வரலியா? பத்திரிகை சரியா வைக்கலியா?"

"கல்யாணம் இல்லக்கா."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ சேரு போட்டிருக்காங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கண்காட்சி மலரில் என் படங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அறிஞர்களிடமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

2

காலி மண்டபத்துக்கு வருவதற்கு முன் நான் நிரம்பி வழிந்த மண்டபங்களில் பிழைத்தவன். கூனிமேட்டில் ஒரு பாயின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரைக்கும், அந்தப் பக்கம் பெருமுக்கல் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் எங்கள் கேமராதான். என் பிரதான வேலை, தொண்டை கிழியக் கத்துவது. "இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க, தோள ஒட்டி நில்லுங்க, அண்ணே தலைய சாய்க்காதீங்க, யாராவது விட்டுப்போச்சா?" விட்டுப்போனால் அந்த வீட்டுக்காரர்கள் ஆல்பம் வாங்க வரும்போது நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

எங்கள் மீனவக் குப்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது, இறந்துபோனவர்களும் அதில் இருந்தாக வேண்டும். சட்டம் போட்ட அவர்களுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துடைத்து, யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் ஊரில் அதிகம் என்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம். ஒருமுறை தாலி கட்டி முடித்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா படத்தை மறந்துவிட்டு வந்தது தெரிந்து, ஒருவர் பைக்கில் வீட்டுக்குப் போய் எடுத்து வரும்வரை மொத்தக் கூட்டமும் மேடையில் வியர்வையோடு நின்றது. "அவரு இல்லாம எடுத்தா, அவர வெளிய நிக்க வச்ச மாதிரி ஆயிடும்" என்றார்கள். நானும் அது நியாயம் என்று கேமராவை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அப்படிப்பட்டவன் ஆளில்லாத படத்துக்கு எப்படி மாறினேன்? கலைக் கண் திறந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். உண்மை அவ்வளவு அழகாக இல்லை. என் மனைவி பாண்டிச்சேரிக்காரி, நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். ஜெர்மன் மொழி வகுப்பு, பதிவு அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம் என்று எல்லா வரிசையிலும் நின்றேன். ஜெர்மனிலும் நம்மைப்போல நீ, நீங்கள் உண்டு. ஒரு நூலகத்தில் படம் எடுக்க அனுமதி கேட்கப் போன இடத்தில், பதற்றத்தில் அந்த மூத்த அதிகாரி அம்மாளை வாய்க்கு வாய் "நீ, நீ" என்று பேசிவிட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்ன வாக்கியத்தை "நீங்கள்" போட்டுத் திருத்தி, ஒரு முறை சொல்லிக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஊரில் பெரியவர்களை மரியாதையில்லாமல் பேசினால் கன்னம் பழுத்துவிடும், நானோ மரியாதை தெரியாதவன் என்று ஒரு அரசாங்க அலுவலகத்தில் பெயர் வாங்கிவிட்டேன். அதன்பிறகு எங்கே போனாலும் ஆட்கள் போன பிறகு போகப் பழகினேன். பூட்டும் நேரத்தில் அந்த நூலகத்துக்குள் நின்றபோதுதான் இந்த நாட்டில் முதல்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. மண்டபம் யாரையும் திருத்துவதில்லை.

ஆட்கள் போகாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு, கேமராவின் கண்ணை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். நடப்பவர்கள், திரும்புபவர்கள், கையாட்டிப் பேசுபவர்கள் யாரும் படத்தில் விழமாட்டார்கள். கரைந்துபோவார்கள். அசையாமல் நிற்பவர் மட்டும்தான் விழுவார். வியன்னாவில் யாரும் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பதில்லை, எனக்கு அதுவே வசதி.

3

இந்த வருஷக் கண்காட்சியை ஏற்பாடு செய்த அம்மாள், "உங்கள் ஊரில் இப்படி ஒரு பெரிய இடம் இல்லையா? ஒரே ஒரு படமாவது உங்கள் கடற்கரையிலிருந்து வேண்டும்" என்றார். எனக்கு உடனே புயல் மண்டபம் நினைவுக்கு வந்தது.

அது எங்கள் குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே நிற்கிறது. புயல் வந்தால் ஊரே ஏறி உட்கார அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. மற்ற நாளில் கல்யாணம், ஊர்க் கூட்டம், நிவாரணம் கொடுப்பது எல்லாம் அங்கேதான். நீளமான கூடம், இரண்டு வரிசைத் தூண்கள், சுற்றிலும் வராந்தா, ஆள் உயரத்தில் தொடங்கி மேலே போகும் ஜன்னல்கள். மூன்று பக்கமும் உப்புப் பாத்தி. காலை வெயில் உப்பில் பட்டுக் கீழேயிருந்து ஏறி, மண்டபத்தின் கூரையை வெளுக்க வைக்கும். வெளிச்சம் தரையிலிருந்து மேலே போகும் கட்டிடத்தை ஐரோப்பாவில் நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு மண்டபத்துக்கு அனுமதி வாங்க மாதக்கணக்கில் மின்னஞ்சல் போக வேண்டும். காப்பீடு எடுத்த அத்தாட்சி, எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுவேன் என்ற வரைபடம், தூணில் சாயமாட்டேன் என்ற உறுதிமொழி. ஊரிலும் முதலில் ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "மனு குடுங்க, மேல எழுதறோம்" என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்கப் பயமாக இருந்தது. கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர் வேலாயுதம் மாமாவைப் பிடித்தேன். ஊர்ப் பஞ்சாயத்தாரில் அவரும் ஒருவர்.

"இன்னா மச்சான், நம்ம ஹாலுக்கு நீ பர்மிஷன் கேப்பியா? ஊரு பாத்துக்கும் வா."

"ஹால் முழுசா எடுக்கணும் மாமா. பெரிய கேமரா. இங்க பெரிய எடத்துல மாட்டுவாங்க, நெறைய பேரு வந்து பாப்பாங்க."

"வெள்ளக்காரங்களா?"

"எல்லாருந்தான்."

"சரி, காலைல எத்தினி மணிக்குன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஹால் மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. மாமாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் மண்டபம் என்றால் அதில் உட்கார்ந்திருக்கும் ஊர். இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து ஒருத்தன் வெறும் சுவரை எடுப்பான் என்று எந்த மனிதர் எதிர்பார்ப்பார்?

4

ஈஸ்டர் விடுமுறையில் நானும் கயலும் ஊருக்குப் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கியது அக்கா வீட்டில் அல்ல, பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில். கயலுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்று அக்காவிடம் சொன்னேன். கயலுக்குப் பதினாறு வயது, அவள் பாறையிலும் தூங்குவாள். ஏசி இல்லாமல் தூங்க முடியாதது எனக்குத்தான்.

அன்று விடிந்ததும் டாக்சியில் கிளம்பினோம். குப்பத்தருகே வந்தபோது ஃபைபர் படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நின்றன. வண்டியை நிறுத்தச் சொல்லி, "எவ்ளோ அழகா நிறுத்தியிருக்காங்க பாரு கயல்" என்று காட்டினேன். மீன்காரி வயிற்றில் பிறந்தவன் நான். அந்த நேரத்தில் எல்லாப் படகும் கரையில் கிடந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மண்டபத்தின் கதவைத் தள்ளினால் உள்ளே ஊர் உட்கார்ந்திருந்தது.

வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு வரிசை வரிசையாக, தலைக்கட்டு தலைக்கட்டாக, குடும்பம் பிரியாமல். ஆண்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெண்கள் கல்யாணப் பட்டு, தலையில் கனகாம்பரம். குழந்தைகள் முகத்தில் பவுடர் அப்பி, அழக்கூடாது என்று மிரட்டி வைத்த முகங்கள். மடிகளில் சட்டம் போட்ட படங்கள். சந்தனப் பொட்டும் ஜரிகை மாலையுமாக இறந்தவர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அக்கா எங்கள் அப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவை எனக்கும் கயலுக்கும் பிடித்து வைத்தவை என்று பிறகுதான் தெரிந்தது.

மாமா வாயெல்லாம் பல்லாக வந்தார். "ஊரே வந்தாச்சி மச்சான். ஆஸ்பத்திரில கெடக்கற பெரியவரு, நான் சாவறதுக்குள்ளயே எம்போட்டோவ எடுத்துனு போங்கடான்னு குட்த்து அனுப்பிட்டாரு."

நான் கூரையைப் பார்த்தேன். வெளிச்சம் ஏறத் தொடங்கிவிட்டது. நின்றால் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அப்புறம் வெறும் வெயில். எனக்கு வந்தது எரிச்சல். அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஊரே குளித்து முழுகி எனக்காக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

"மாமா, எனக்கு ஹால் காலியா வேணும்."

"காலியான்னா?"

"ஆளு இல்லாம. சேருங்கூட வேணாம்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து மாமா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு உடனே போகவில்லை, போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. திரும்பி ஊரைப் பார்த்துக் கைதட்டினார்.

"ஏம்பா, எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. மச்சான் மொதல்ல ஹால எடுத்துரட்டும். அப்புறம் நம்மள எடுக்கும். வராந்தாவுல நில்லுங்க, சத்தம் போடக் கூடாது."

நாற்காலிகளை அவர்களே தூக்கிக்கொண்டார்கள். போகும் வழியில் அக்கா என் அருகில் நின்றாள்.

"நானும் போவணுமாடா?"

"எல்லாருந்தான்க்கா."

"கொழந்த?"

"கயலும்தான். சீக்கிரம்க்கா, வெளிச்சம் போவுது."

கயல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். தரையில் பதிந்திருந்த கால் தடங்களை ஒரு பெண் ஓடிவந்து பட்டுப் புடவையோடு குனிந்து துடைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன். கூரை பால்போல் வெளுத்தது, தூண்களுக்கு நிழலே இல்லை. கேமராவைத் திறந்து வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ வாயைப் பொத்தினார்கள். எங்கள் ஊர் இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஏன் என்று யோசிக்காமல், நல்லதாகப் போயிற்று என்று இன்னொன்று எடுத்தேன்.

எல்லாம் முடித்து, கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால், ஊர் வாசலுக்கு எதிரே வெயிலில் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியைத் திறக்க எனக்கு அலுப்பு. கண் கூசும் வெயிலில் நல்ல படம் வராது என்று ஒரு சாக்கு. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து ஒன்று எடுத்தேன்.

"பெரிய கேமராவுல எடுக்கலியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"இதுலயே நல்லா வரும்" என்றேன். நாற்காலிகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

5

மத்தியானம் அக்கா வீட்டில் நண்டுக் குழம்பு. கயல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். அவள் கிராப்புத் தலையில் காலையிலேயே எப்படியோ ஒரு முழம் கனகாம்பரத்தைக் கிளிப்பில் மாட்டிவிட்டிருந்தாள் அக்கா. பேச்சு எதுவும் ஓடவில்லை என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"மீனெல்லாம் எப்படி மாமா, நல்லா படுதா?"

"நெத்திலி கூட்டமா வந்துகினு இருக்குது. கூனிமேட்டுக்காரங்க இன்னிக்கி வாரிட்டாங்களாம்."

"நம்ம ஊருல?"

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம ஊருல இன்னிக்கி யாரும் தொழிலுக்குப் போவல மச்சான். போட்டோ புடிக்கிறதுன்னு நேத்தே கோயில் மைக்குல சொல்லியாச்சே."

எங்கள் ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும்தான் கடலுக்குப் போகாமல் கட்டுப்பாடு போடுவார்கள். காலையில் அழகாக நின்ற படகுகள் எனக்கு அப்போதுதான் புரிந்தன.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அக்கா சொம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"அப்பாவ வெளிய நிக்க வச்சிட்டியேடா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் ஒரு தகவல்போலச் சொன்னாள். பிறகு அவளே என்னைத் தேற்றுகிற மாதிரி, "பரவால்ல, நான் ஜன்னலண்ட நின்னுகினு அவர தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினே இருந்தேன். கை மரத்தே போச்சி. படத்துல வுழுந்திருப்பாரா?" என்றாள்.

"வுழுந்திருப்பாருக்கா" என்றேன். அந்த நேரத்துக்கு ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

6

வியன்னாவுக்குத் திரும்பிக் கணினியில் பார்த்தபோது படம் பிரமாதமாக இருந்தது. ஜன்னல்களின் கீழ் விளிம்பில் மட்டும் கறுப்பாக, மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. வராந்தாவில் உப்பு மூட்டை அடுக்கியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். போனில் எடுத்த படத்தையும் பார்த்தேன். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். வலது ஓரம் வெட்டுப்பட்டு, அக்கா நின்ற இடம் பாதியோடு போயிருந்தது. யாராவது விட்டுப்போச்சா என்று கத்திப் பிழைத்தவன் எடுத்த படம் அது.

இலையுதிர் காலத்தில் அச்சுக்கூடத்துக்குப் போனேன். அங்கே என் படங்களை அச்சிட்டுத் தருபவர் பொறுமைசாலி. பெரிய திரையில் போட்டு, ஜன்னல் ஓரத்து இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். மூட்டை இல்லை. தலைகள்.

வராந்தா முழுக்க, ஜன்னலுக்கு ஜன்னல், உச்சந்தலைகள். எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை, நரைத்த தலை, கொண்டை, பூ. அப்பன் தோளில் ஏறிய குழந்தைகளின் நெற்றிகள். கேமராவின் கண் அவ்வளவு நேரம் திறந்திருந்தும் ஒரு தலைகூடக் கலையவில்லை. வெளியே அனுப்பினாலும் படம் எடுக்கிறார்கள் அல்லவா, ஆடாமல் நிற்க வேண்டும் என்று அத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள். அந்த அமைதி அதுதான். மூன்றாவது ஜன்னலில் இரண்டு கைகள் தூக்கிப் பிடித்த ஒரு சட்டம். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முகம் தெரியவில்லை. ஜரிகை மாலையை வைத்து யார் என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கைகளுக்குப் பக்கத்தில், பூ வைத்த ஒரு தலை.

"இவற்றை எடுத்துவிடலாமா?" என்று அச்சுக்கூடக்காரர் கேட்டார். "உங்கள் வரிசையில் மற்ற எந்தப் படத்திலும் ஆள் இல்லையே."

சுவரில் காத்திருக்கும் மற்ற படங்களை நினைத்தேன். காலி மண்டபங்கள் என்று மலரில் ஏற்கெனவே அச்சாகிவிட்ட தலைப்பை நினைத்தேன். இவர்கள் யார், ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலையும் நினைத்தேன். எடுத்துவிடுங்கள் என்றேன். "நீங்கள்" போட்டு, இலக்கண சுத்தமாக, மரியாதையாகச் சொன்னேன். அவர் கைப்பழக்கம் உள்ளவர், காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

7

திறப்பு விழாவில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். என்ன நிசப்தம், என்ன துறவு என்றார்கள். கண்காட்சி அம்மாள் என் தோளைத் தட்டினார். கயல் படத்துக்கு வெகு அருகே போய் மூன்றாவது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொடக்கூடாத படத்தில் விரலை வைத்தாள்.

"நான் இங்கேதான் நின்றேன்" என்று ஜெர்மனில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இங்கே என் அத்தை. என் தாத்தாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஊர் முழுக்க நின்றது. எங்கே நாங்கள்?"

கோப்பையோடு நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். பூ வைத்த அந்தத் தலை யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மகள் பூ வைத்து நான் பார்த்துப் பழகியதில்லை, அடையாளம் தெரியாமல் அழித்துவிட்டேன் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? "தொழில்நுட்பக் காரணம்" என்று ஏதோ உளறினேன். இலக்கணம் முழுக்கத் தப்பு. யாரும் திருத்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் டிராமில் கயல் என்னோடு உட்காரவில்லை. கதவருகே நின்றாள். இறங்கி நடக்கும்போது நானாக ஆரம்பித்தேன். பழைய கோப்பு பத்திரமாக இருக்கிறது, தலைகளோடு மறுபடியும் அச்சிடச் சொல்கிறேன் என்றேன்.

"தலை மட்டும்தானே இருக்கும் அப்பா" என்றாள் தன் தட்டுத் தடுமாறும் தமிழில். "அத்தை பட்டுப் புடவை கட்டினாங்க."

அப்படியானால் அடுத்த விடுமுறையில் போய் எல்லாரையும் உட்கார வைத்து, பெரிய கேமராவில் எடுக்கலாம் என்றேன்.

"மறுபடியும் அவங்க கடலுக்குப் போகக்கூடாதா?"

பத்து வருஷமாக அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான். ஊரை மறந்துவிடுவாளோ என்று பயந்தவன் நான்.

8

இவ்வளவையும் எழுதி வைத்திருந்தபோது மாமாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஒரு படம், ஒரு குரல் செய்தி.

படத்தில் எங்கள் புயல் மண்டபம். போனில் எடுத்தது, கொஞ்சம் கோணல். இரண்டு வரிசைத் தூண்கள், பெருக்கித் துடைத்த தரை, எதிர்ச் சுவரில் ஒரு புது ஆணி. ஒரு மனிதர்கூட இல்லை. என் கண்காட்சியில் மாட்டியிருந்தால் எனக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது.

மாமாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. அவரை அறிந்தவர்கள் யாரும் அவர் வாயிலிருந்து ஒரு நக்கல் கேட்டிருக்கமாட்டார்கள். குரல் செய்தியைப் பல தடவை போட்டுக் கேட்டேன். எங்கேயாவது ஒரு இடத்தில் கோபம் தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். தெரியவில்லை. உற்சாகமாகத்தான் பேசுகிறார்.

"மச்சான், நீ எடுத்த ஊரு போட்டோவ மாட்டறதுக்கு எடம் பாத்து ஆணி அடிச்சி வச்சிட்டோம். வாசலுக்கு நேரா, உள்ள வர்றவங்க கண்ணுல மொதல்ல படற மாதிரி. எடம் போதுமான்னு நீ பாத்து சொல்லு, பத்தலைன்னா மாத்தி அடிச்சிரலாம். இப்ப ஹால்ல ஊரு கூட்டம் நடந்துகினு இருந்துச்சி. ஒனக்கு ஆளு இருந்தா புடிக்காதே, அதான் எல்லாரையும் கொஞ்ச நேரம் வராந்தாவுல நிக்க சொல்லிட்டு எடுத்தேன். ஒங்கக்காவும் போயி நின்னா. நல்லா வந்திருக்குதா பாரு."